மௌன விரதமும் தேனி வண்டியும்

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் மலைக்குப் போகும் வழியில், ஒரு மாந்தோப்புக்குள் தவமணியம்மாவின் விடுதி இருக்கிறது. நாய்க்கும் பூனைக்குமான விடுதி. பிழைக்குமா பிழைக்காதா என்ற நிலையில் இருப்பவை மட்டும்தான் அங்கே வரும். சொறி சிரங்குக்கும் தடுப்பூசிக்கும் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தவமணியம்மாவுக்கு வயது நாற்பத்தாறு. கால்நடை ஆஸ்பத்திரியில் இருபது வருடம் வேலை பார்த்தவர். அவர் யாரையும் சீடராகச் சேர்த்துக்கொண்டதில்லை. என்ன கேட்டாலும் சுருக்கமாகப் பதில் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார். அதை ஞானம் என்று ஊர் முடிவு செய்துவிட்டது. அதற்கு அவர் என்ன செய்வார்?

அப்படிக் கேள்விப்பட்டு வந்தவர்தான் சொல்மழை அரங்கநாயகம். ஐம்பத்தெட்டு வயது. பட்டிமன்ற நடுவர். சொந்தப் பேரனின் காதுகுத்தில் மைக்கைப் பிடித்து, காது குத்த வந்தவர் எழுந்து வீட்டுக்குப் போகும்வரை பேசியவர்.

வந்த அன்று தவமணியம்மாவிடம் முக்கால் மணி நேரம் பேசினார். சாரம் இவ்வளவுதான்: பேசிப் பேசி அலுத்துப்போயிற்று, மௌனம் கைகூட வேண்டும், அதற்கு வழி சொல்ல வேண்டும்.

"அந்த வெள்ளைப் பூனைக்குக் கண்ணு ஒட்டிக்கிச்சு," என்றார் தவமணியம்மா. "வெதுவெதுப்பான தண்ணியில பஞ்சை நனைச்சுத் தொடச்சுட்டு வாங்க ஐயா."

துடைத்துவிட்டு வந்தார்.

"தொடச்சாச்சும்மா. மௌனத்துக்கு வழி?"

"இன்னொரு கண்ணு இருக்குல்ல."

இரண்டாவது கண்ணைத் துடைக்கும்போது அரங்கநாயகத்துக்கு ஏதோ புரிந்த மாதிரி இருந்தது. அன்று சாயங்காலமே அவராக ஒரு மண்டலத்துக்கு, அதாவது நாற்பத்தெட்டு நாளைக்கு, மௌன விரதம் எடுத்துக்கொண்டார். கழுத்தில் ஒரு சிலேட்டையும் மாட்டிக்கொண்டார். அங்கேயே தங்கினார்.

சும்மா சொல்லக்கூடாது, மனிதர் வேலையை நன்றாகக் கற்றுக்கொண்டார். எழ முடியாத நாயை நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பார். குளுக்கோஸ் ஏறும் ஊசியைப் பூனை கடித்துப் பிடுங்காமல் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்வார். எது எத்தனை முறை மூத்திரம் போனது, எது எவ்வளவு தண்ணீர் குடித்தது, எல்லாவற்றையும் அட்டையில் முத்து முத்தாக எழுதுவார்.

மூடியிருந்தது வாய் மட்டும்தான். ராத்திரி படுக்கப்போகுமுன் ஒரு நோட்டில், நாற்பத்தொன்பதாம் நாள் ஊரில் பேசப்போகும் பேச்சை எழுதிக்கொண்டிருந்தார். 'நான் பேசாத நாட்கள்' என்று தலைப்பு. ஐந்நூறு நோட்டீசு அச்சாகி வந்துவிட்டது. பேச்சு இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாது போலிருந்தது.

விரதத்தின் முப்பத்தெட்டாம் நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றுதான் ரைட்டு வந்தது.

ரைட்டு ஒரு செவலை நாய். பஸ் ஸ்டாண்டில் பிறந்து பஸ் ஸ்டாண்டிலேயே வளர்ந்தது. அதைத் துண்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு வந்தவர் பெயர் ஒச்சப்பன். பஸ் ஸ்டாண்டில் நின்று தேனி வண்டிகளுக்கு ஆள் கூப்பிடுவது அவர் தொழில்.

தவமணியம்மா அன்று தோப்பின் மறுகோடியில் இருந்த தனிக்கொட்டகையில் இருந்தார். பார்வோ காய்ச்சல் கண்ட மூன்று குட்டிகள் அங்கே கிடந்தன. அது சட்டென்று தொற்றும் நோய். அந்தக் குட்டிகளைத் தொடுகிறவர் மற்ற நோயாளிகளின் பக்கம் வரக்கூடாது. ஆகவே அவருக்கும் வெளியுலகத்துக்கும் நடுவில் ஒரு கம்பிவலை ஜன்னல்தான்.

சேர்க்கை அட்டையை நிரப்புவது அரங்கநாயகத்தின் பொறுப்பாயிற்று. சிலேட்டில் எழுதி நீட்டினார்: 'தங்கள் நாயின் பழக்கவழக்கங்கள் யாவை?'

ஒச்சப்பன் சிலேட்டை வாங்கினார். தூரத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பி, பின்பக்கத்தையும் பார்த்தார்.

"கண்ணாடி எடுத்துட்டு வரல சாமி. வாயால கேளுங்க."

அரங்கநாயகம் உதட்டின்மேல் விரலை வைத்தார்.

"பேச்சு வராதா? அடப் பாவமே." ஒச்சப்பன் குரலைத் தணித்துக்கொண்டார். "எம் பேரு ஒச்சப்பன். இது ரைட்டு. நாலு நாளா எந்திரிக்க மாட்டேங்குது. மூணு மணி வண்டிக்கு நான் அங்க நிக்கணும். எப்படியாச்சும் உசிரோட குடுத்துருங்க சாமி."

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். அட்டையில் பழக்கவழக்கம் என்ற கட்டம் காலியாகவே இருந்தது. காலிக் கட்டங்கள் அரங்கநாயகத்துக்குப் பிடிக்காது. 'இல்லை' என்று எழுதி நிரப்பினார்.

டாக்டர் வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், பெரியகுளத்திலிருந்து வருவார். அன்றும் வந்து, ரைட்டின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். ரோஸ் நிறமாக இருக்க வேண்டிய ஈறு வெளுத்துக் கிடந்தது.

"உண்ணிக் காய்ச்சல். ரத்தம் ரொம்பக் குறைஞ்சிருச்சு," என்றார். "மாத்திரைக்குக் கேக்கும். ஆனா வெறும் வயித்துல குடுத்தா வாந்தியெடுத்துரும். சோத்தோடதான் போகணும். திணிச்சு ஊட்டிராதீங்க, இப்ப இருக்கிற நிலைமையில புரையேறி நுரையீரலுக்குள்ள போயிரும். தானா சாப்பிடணும்."

அரங்கநாயகம் சிலேட்டை நீட்டினார்: 'சாப்பிடாவிட்டால்?'

டாக்டர் பையை மூடினார். "வெள்ளிக்கிழமை வர்றேன். அதுக்குள்ள சாப்பிட்டா பொழைச்சிரும். அதுக்கு மேல இந்த உடம்பு தாங்காது சார்."

அரங்கநாயகத்துக்கு அந்த நாயைப் பார்த்ததுமே பிடித்துப்போயிருந்தது. ஏன் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது, கேட்டாலும் சொல்லமாட்டார், விரதம். கோழி ஈரலை வேகவைத்துச் சோற்றோடு பிசைந்து கொடுத்தார். ஆறினால் வாசனை வராது என்று சுடவைத்துக் கொடுத்தார். தட்டில் வைத்தார், வாழையிலையில் வைத்தார், உள்ளங்கையில் வைத்தார். ரைட்டு ஒவ்வொரு முறையும் மரியாதைக்கு முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

செவ்வாய் போயிற்று, புதனும் போயிற்று. புதன் சாயங்காலம் அரங்கநாயகம் சிலேட்டோடு தனிக்கொட்டகை ஜன்னலுக்குப் போனார். தொற்று காரணமாக ஐந்தடி தள்ளி நின்று சிலேட்டைத் தூக்கிக் காட்டினார்.

"எழுத்து பொடிசா இருக்கு," என்றார் தவமணியம்மா.

அழித்துவிட்டுக் கொஞ்சம் பெரிதாக எழுதினார்.

"இன்னும் பொடிசாத்தான் இருக்கு."

எழுத்து பெரிதாகப் பெரிதாகச் சிலேட்டில் இடம் குறைந்தது. முதலில் எழுதியிருந்த அருங்குணம் போயிற்று, ஆற்றொணாத் துயரம் போயிற்று. கடைசியில் ஒரே வார்த்தை மிஞ்சியது: 'சாப்பிடலை.'

"இதை முதல்லயே எழுதியிருக்கலாமே," என்றார் தவமணியம்மா. "அட்டையைக் காட்டுங்க."

காட்டினார். அவர் கண்ணைச் சுருக்கிப் படித்தார்.

"பழக்கவழக்கம், இல்லை. யாருக்கு, நாய்க்கா?"

அரங்கநாயகம் தலையாட்டினார்.

"எனக்குக் காலையில காப்பி இல்லாட்டி தலைவலி. உங்களுக்கு மைக்கு. இதுக்கு மட்டும் ஒண்ணுமே இல்லையாக்கும்."

'கேட்டேன். அவரால் வாசிக்க முடியவில்லை.'

"விரதம் அவருக்கா உங்களுக்கா?"

அரங்கநாயகம் சிலேட்டை வேட்டியில் வெகுநேரம் துடைத்தார்.

"காலையில பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டு வாங்க," என்றார் தவமணியம்மா.

'என்ன கேட்பது?'

"அதான் உங்களால கேக்க முடியாதே. சும்மா போய் இருங்க."

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அரங்கநாயகம் வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் இருந்தார். 'ரைட்டு என்ற நாயைப் பற்றி விவரம் தேவை' என்று எழுதிய சிலேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு பெண்மணி அதைப் படிக்காமலே அவர் கையில் ஒரு வாழைப்பழத்தை வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். டீக்கடைக்காரர் மட்டும் படித்தார். படித்துவிட்டு, "அது செவலை நாய் சாமி," என்றார்.

ஒச்சப்பன் அவரைப் பார்த்ததும் ஓடி வந்தார்.

"ரைட்டு எப்படி இருக்கு சாமி? சாப்பிட்டுச்சா?"

அரங்கநாயகம் இல்லையென்று தலையசைத்தார். ஒச்சப்பனின் முகம் தொங்கிவிட்டது. அதற்குள் ஒரு வண்டி வந்து நின்றது. அவர் போக வேண்டியிருந்தது.

அரங்கநாயகம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். சிலேட்டைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லாததால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தேவதானப்பட்டி பெரியகுளம் தேனி போடீ, தேனி போடீ," என்று ஒச்சப்பன் கூவினார். "எடமிருக்கு எடமிருக்கு, உக்காந்து போலாம், உக்காந்து போலாம்." வண்டி நிரம்பியதும் அதன் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். "ரைட்ட்டு."

வண்டி நகர்ந்தது. ஒச்சப்பன் சட்டைப் பையிலிருந்து ஒரு பன்னை எடுத்தார். ஒரு துண்டைப் பிய்த்து, பார்க்காமலே, அரங்கநாயகம் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு அடியில் எறிந்தார். அங்கே நாய் இல்லை. எறிந்த பிறகுதான் அவருக்கு அது தெரிந்தது. தலையைச் சொறிந்துகொண்டு அடுத்த வண்டிக்குப் போனார்.

அடுத்த வண்டியும் நிரம்பியது. இரண்டு தட்டு, ரைட்டு, ஒரு துண்டு பன். அதற்கடுத்த வண்டிக்கும் அப்படியே. பதினொரு மணிக்குப் பெஞ்சுக்கு அடியில் நாலு துண்டு கிடந்தது. நாலாவதை எறிந்த பிறகு ஒச்சப்பன் தோள்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

இரண்டு மணி நேரம் போனது அரங்கநாயகத்துக்குத் தெரியவில்லை. பேச்சு எழுதும் நோட்டு பைக்குள்ளேயே இருந்தது. சட்டென்று எழுந்தார், தோப்புப் பக்கம் போகிற வண்டியில் ஏறினார். பாதி வழியில் கழுத்தைத் தடவினார். சிலேட்டு பெஞ்சிலேயே இருந்தது.

விடுதியில் ராக்கு இருந்தாள். இரண்டு நாள் லீவு முடிந்து அன்று காலைதான் வந்திருந்தாள். சமையலும் அவள்தான், துணைக்கும் அவள்தான். அரங்கநாயகம் அவள் முன்னால் நின்று காற்றில் இரண்டு தட்டுத் தட்டி, எதையோ பிய்த்து எறிந்தார்.

"கொசுவா?" என்றாள் ராக்கு.

மறுபடியும் தட்டினார், மறுபடியும் எறிந்தார்.

"அடிச்சுத் தூக்கிப் போடணுமா? எலியா?"

ஓடிப்போய் ஒரு நோட்டீசை எடுத்து, அதன் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார். ராக்கு எழுத்துக்கூட்டிப் படித்தாள். படித்துவிட்டு ரைட்டின் முன்னால் உட்கார்ந்து, "பெரியகுளம், தேனி, போடி," என்றாள். கோழியைக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. ரைட்டின் ஒரு காது மட்டும் அசைந்தது.

பிறகு போனில் ஒச்சப்பனைப் பிடித்து ஸ்பீக்கரில் கூவச் சொன்னாள். அவர் அங்கிருந்து உயிரைக் கொடுத்துக் கூவினார். ரைட்டு தலையைத் தூக்கியது. போனை நக்கியது. போனின் பின்பக்கத்தையும் பார்த்தது. ஆளைக் காணோம் என்றதும் படுத்துவிட்டது.

சாயங்காலம் இருவரும் ஜன்னலுக்குப் போனார்கள்.

"ஒச்சப்பனையே வரச்சொல்லிரலாமாக்கா?" என்றாள் ராக்கு.

"ஒரு தடவை வருவாரு," என்றார் தவமணியம்மா. "ஒரு நாளைக்கு அஞ்சு தடவை ஊட்டணும், பத்து நாளைக்கு. அவரு பொழைப்பை விட்டுட்டு எப்படி வருவாரு? ஐயா தொண்டைக்கு என்ன?"

அரங்கநாயகம் இன்னொரு நோட்டீசின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார்: 'இன்னும் எட்டு நாள் இருக்கிறது.'

"ரைட்டுக்கு ஒரு நாள் இருக்கு."

'விரதத்தை உடைக்கச் சொல்கிறீர்களா?'

"எடுங்கன்னும் நான் சொல்லல, உடைங்கன்னும் நான் சொல்லல," என்றார் தவமணியம்மா. ஒரு குட்டி முனகியது. அதைப் பார்க்கப் போய்விட்டார்.

அரங்கநாயகத்துக்கு அன்று தூக்கம் வரவில்லை. நாற்பது நாள். இத்தனை வருடத்தில் அவர் ஒழுங்காக முடித்த காரியம் என்று ஒன்றுகூட இல்லை, பேச்சைக்கூட மணியடித்துத்தான் முடித்துவைப்பார்கள். இது ஒன்றாவது முடியும் என்று இருந்தார். எட்டே எட்டு நாள்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு, ஈரல் பிசைந்த சோற்றைச் சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்து, ஒரு தகர டிரம்மை இழுத்துப் போட்டுக்கொண்டு, ரைட்டின் முன்னால் உட்கார்ந்தார். ரைட்டு கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தது. அதற்குக்கூடச் சிரமப்பட்டது. அதைப் பார்த்தபின் எட்டு நாளாவது பத்து நாளாவது, அவர் வாயைத் திறந்தார்.

நாற்பது நாள் பூட்டிக் கிடந்த வாய். பழக்கதோஷத்தில் முதலில் வந்தது இதுதான்:

"அவையில் வீற்றிருக்கும் ஆன்றோர்களே, தாய்மார்களே."

ரைட்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது.

அரங்கநாயகத்துக்கு வெட்கமாகப் போய்விட்டது. கண்ணை மூடி ஒச்சப்பனை நினைத்துக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

"தேவதானப்பட்டி பெரியகுளம் தேனி போடீ, தேனி போடீ."

காது நிமிர்ந்தது.

"எடமிருக்கு எடமிருக்கு, உக்காந்து போலாம், உக்காந்து போலாம்."

தலை திரும்பியது. டிரம்மில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"ரைட்ட்டு."

உருண்டையை எறிந்தார். அது ரைட்டின் முன்காலுக்குப் பக்கத்தில் விழுந்தது. ரைட்டு அதை முகர்ந்து பார்க்கவில்லை. நேராக வாயில் எடுத்து விழுங்கிவிட்டு, அடுத்த வண்டி எப்போது என்று அவரைப் பார்த்தது.

அரங்கநாயகத்துக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே மறுபடி போடி வரைக்கும் கூவினார். மற்ற நாய்களெல்லாம் குரைத்தன. பூனைகள் கூண்டின் மூலைக்கு ஓடின. தோப்பின் மறுகோடியிலிருந்து தவமணியம்மாவின் குரல் வந்தது:

"மாத்திரையை மூணாவதுல வையுங்க. அஞ்சோட நிப்பாட்டுங்க. காஞ்ச வயிறு."

பதினொரு மணிக்கு டாக்டர் வந்தார். ரைட்டு அவரைப் பார்த்து வாலை ஆட்டியது. ஆட்டியதென்று சொல்ல முடியாது, நுனியை மட்டும் தூக்கிப் போட்டது.

"சாப்பிட வச்சது யாரு?" என்று கேட்டார் டாக்டர்.

"தேனி வண்டி," என்றாள் ராக்கு.

அதன்பிறகு தினம் ஐந்து வேளை கூவல் நடந்தது. இரண்டாம் நாளே அரங்கநாயகத்துக்குச் சுதி சேர்ந்துவிட்டது. ரோட்டில் போன ஒரு புருஷன் பெண்சாதி பையோடு தோப்புக்குள் வந்து, "தேனி வண்டி இங்க எங்கங்க நிக்குது?" என்று கேட்டார்கள். அவரே அவர்களைக் கூட்டிக்கொண்டுபோய் ரோட்டில் வண்டியேற்றிவிட்டு வந்தார்.

நாற்பத்தொன்பதாம் நாள் பேச்சுக் கூட்டம் இல்லையென்று ஊருக்குச் சொல்லியனுப்பினார். மீதி நோட்டீசுகளைத் தனிக்கொட்டகை ஜன்னலில் கொண்டுபோய் வைத்தார். பார்வோ குட்டிகளுக்கு அடியில் விரிக்கத் தாள் போதாமல் இருந்தது. அவை தாளைச் சீக்கிரம் நனைத்துவிடும். மூன்று குட்டிகளில் ஒன்று இறந்துபோயிற்று. இரண்டு பிழைத்தன.

ரைட்டு சாப்பிட ஆரம்பித்த பன்னிரண்டாம் நாள் ஒச்சப்பன் வந்தார். ரைட்டு எழுந்து நின்றது. கால் கொஞ்சம் நடுங்கினாலும் அவரை நோக்கி அதுவாக நடந்தது. ஒச்சப்பன் தரையில் உட்கார்ந்து அதைக் கட்டிக்கொண்டார். உதட்டைத் தூக்கி ஈறைக் காட்டினார் அரங்கநாயகம். நல்ல ரோஸ் நிறம்.

"தினம் நாலு உருண்டையாவது ஈரல் போடுங்க," என்றார். "பன்னு மட்டும் பத்தாது."

ஒச்சப்பன் வாயைப் பிளந்தார். "சாமிக்குப் பேச்சு வந்துருச்சா?"

"வந்துருச்சு."

"எல்லாம் ரைட்டோட ராசி," என்றார் ஒச்சப்பன் திருப்தியாக. பிறகு ஞாபகம் வந்தவராகப் பையைத் திறந்தார். "அன்னைக்கு இதை பெஞ்சுலயே விட்டுட்டுப் போயிட்டீங்களே சாமி. எடுத்து வச்சிருந்தேன்."

சிலேட்டு. ரைட்டு என்ற நாயைப் பற்றி விவரம் தேவை என்று அதில் இன்னும் இருந்தது.

அவர்கள் போனபின் அரங்கநாயகம் ரைட்டின் அட்டையை எடுத்து, பழக்கவழக்கம் என்ற கட்டத்தில் இருந்த 'இல்லை'யை அடித்தார். எழுத ஆரம்பித்தார். கட்டம் போதவில்லை. அட்டையின் பின்பக்கமும் நிரம்பியது.

தவமணியம்மா கொட்டகையை விட்டு வெளியே வந்திருந்தார். குழாயடியில் உட்கார்ந்து, குட்டிகளுக்குப் பால் புகட்டிய சிரிஞ்சுகளை வெந்நீரில் கழுவிக்கொண்டிருந்தார். அரங்கநாயகம் சிலேட்டைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"நாப்பது நாள் வாயைக் கட்டினேன். நாப்பத்தோராம் நாள் உடைஞ்சு போச்சு. அதுல எனக்கு வருத்தம் இல்ல. ஆனா அத்தனை நாள்ல ஒரு நாளாவது எனக்கு மௌனம் வாய்ச்சுதா?"

தவமணியம்மா ஒரு சிரிஞ்சை உதறி வெயிலில் வைத்தார்.

"ஒரு நாள் வாய்ச்சுது."

"எந்த நாளும்மா?"

"சிலேட்டை மறந்துட்டு வந்தீங்களே, அன்னைக்கு."